நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள்

2025 ஜனவரி 9, வியாழன்

ஏழாவது வளைவில் இன்று நல்ல பனி. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். ஜீப்பில் பின்னால் இருந்த பதினொரு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பேசாமல் வந்தால் எனக்குக் கண் சொருகும் என்று சுருளியம்மாள் சின்னம்மாவுக்குத் தெரியும். "ஏய், ஏதாச்சும் பேசுங்கடி, டிரைவரு தூங்கிறப் போறான்" என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தார். போடிமெட்டு தாண்டியதும் சுள்ளென்று வெயில்.

அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே வந்துசேர மணி பன்னிரண்டு. சாயங்காலம் திரும்பப் போய் அழைத்துவர வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம் கிளை நூலகத்துக்கு. நூலகர் அனுசியா மேடம் இன்று என்னைப் பேப்பர்கூடப் பார்க்க விடாமல் நேராக அறிவிப்புப் பலகைக்குக் கூட்டிப்போனார்.

சென்னையில் ஓர் ஆய்வு நூலகம். பழைய வரைபடங்களும் ஆவணங்களும் வைத்திருக்கிறார்கள். அங்கே மூன்று மாதம் உட்கார்ந்து ஆய்வு செய்ய ஒருவருக்கு மட்டும் நல்கை, அதாவது உதவித்தொகை. "எந்த நிறுவனத்தையும் சாராதவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரிக்கு அடியில் மேடம் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இது உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு சோலை."

"மேடம், நான் ஜீப்பு ஓட்டுறேன்."

"அதத்தான் சொல்றேன். ஜீப்பு நிறுவனம் இல்லையே?"

ஜனவரி 10

பதினேழு வளைவிலும் அந்த ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

நோட்டை எடுத்து முதலிலிருந்து எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள். ஒன்பது வருடம்.

தோட்டத்துக் காகிதங்களில் எல்லாம் நம்பர்தான். நாலாம் பிளாக், பன்னிரண்டாம் பிளாக். வேலைக்குப் போகிற பெண்கள் ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னிக்கு ரேடியோ மேட்டுல எறக்கிவிடு" என்பார்கள். அந்த மேட்டில் மட்டும்தான் ஒரு காலத்தில் ரேடியோ எடுக்குமாம். டீ கவுந்த சரிவு. கொழுந்தியா வளைவு. பல்லுப் போன பாறை — கங்காணி ஒருவர் வழுக்கி விழுந்து முன்பல் இரண்டையும் விட்டுவிட்டு வந்த இடம். இந்தப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. யார் வைத்தது, எதனால் வைத்தது என்று கேட்டுக் கேட்டு ட்ரிப் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது. அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்தவனுக்கு எழுதிவைக்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த நூலகத்தில் இந்த மலையின் பழைய சர்வே தாள்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொரு பெயரையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தால்?

மனைவி சுஜாதாவிடம் இன்னும் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு. கோழை.

ஜனவரி 19, ஞாயிறு

ஆய்வு முன்மொழிவு ஆயிரம் வார்த்தையில் வேண்டுமாம். எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி: "நிலவியல்சார் பெயரிடல் மரபுகளின் சமூகப் பண்பாட்டுப் பரிமாணங்களை வரலாற்று நோக்கில் அணுகுவதே இவ்வாய்வின் தலையாய நோக்கமாகும்."

இரண்டு முறை வாசித்தேன். ஆய்வாளன் எழுதியது போலவே இருக்கிறது.

ஜனவரி 20

மாட்டிக்கொண்டேன். சுஜாதா ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவள். தாளில் சொத்தை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"மாமா, இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நீங்க இல்ல. உங்கள எனக்குத் தெரியும். இது யாரோ டை கட்டுன ஆளு."

பத்து நாளாக ஒளித்துவைத்ததற்குக் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "இதுல ஒரு பாறை இருக்கா? ஒரு பொம்பள இருக்கா? மொத மொதல்ல ரேடியோ மேட்டப் பத்தி எனக்கு எப்பிடிச் சொன்னீங்க? கட்டிலுல ஏறி நின்னு, கைய மேல தூக்கி ஏரியல் மாதிரிப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. அந்த ஆளு எழுதட்டும்."

தாளைக் கிழிக்கவில்லை. மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினாள். அது இன்னும் மோசம்.

ஜனவரி 26, ஞாயிறு

புதிதாக எழுதினேன். முதல் வரி: "பல்லுப் போன பாறையில் பல்லை இழந்தவர் பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கிறது; பாறையின் பெயர் இல்லை." பிறகு கை நிற்கவில்லை. ஞாயிறு, ட்ரிப்பும் இல்லை, குடியரசு தினத்துக்குத் தெருமுனையில் கொடியேற்றுகிற பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது, நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

சுஜாதா நின்றபடியே வாசித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். "டீ கவுந்த சரிவ விட்டுட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். சேர்த்துவிட்டேன்.

பிப்ரவரி 3

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். ஒன்று கல்வித்துறையில் இருப்பவரிடம். மற்றது "விண்ணப்பதாரரின் களப்பணியை நேரில் அறிந்தவரிடம்."

முதலாவது கிடைத்துவிட்டது. எம்.ஏ. தொடர்பு வகுப்புகளில் பாடம் எடுத்த பாண்டியராஜன் சாருக்குத் தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். "பின் பெஞ்சுல உக்காந்து கேள்வியா கேட்டுக்கிட்டு இருப்பியே, அந்தச் சோலையா? அனுப்பிவைப்பா, எழுதித் தர்றேன்" என்றார். பன்னிரண்டு வருடம் கழித்தும் நினைவு வைத்திருக்கிறார்! போனை வைத்தபிறகு தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இரண்டாவது? என் களப்பணியை நேரில் அறிந்தவர் யார்? அனுசியா மேடத்திடம் கேட்டேன். அவர் ஒருமுறைகூடத் தோட்டத்துக்கு வந்ததில்லை. "உங்ககூட தெனமும் களத்துக்குப் போறது யாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பிப்ரவரி 8, சனி

இந்த நாளை விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

சுருளியம்மாள் சின்னம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். துணைக்கு ஜீப்பிலிருந்து நான்கு பேர். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

பரிந்துரைப்பவருக்கு மெயில் முகவரி இருந்தால்தான் கடிதம் ஏற்கப்படுமாம். மேடம் ஒன்று புதிதாகத் தொடங்கினார். "பாஸ்வேர்டு ஒண்ணு வேணும்மா. யாருக்கும் தெரியாத, உங்களுக்கு மறக்காத பேரா இருக்கணும்."

"கருப்பாயி" என்று சின்னம்மா நூலகமே கேட்கச் சொன்னார். அவர் வளர்க்கிற ஆடு.

"சத்தமாச் சொல்லக் கூடாதும்மா. எண்ணும் ஒண்ணு சேக்கணும்."

"ரெண்டு போடு தாயி. குட்டி ரெண்டு."

பிறகு கடிதம். சின்னம்மா சொல்லச் சொல்ல மேடம் தட்டினார். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். நினைவிலிருந்து எழுதுகிறேன்:

"சோலை நல்ல டிரைவரு. பத்து வருசமா எங்கள ஏத்திக்கிட்டுப் போறான். ஒரு நா கூட எங்கயும் இடிக்கல. நாங்க பேசுறதக் கேட்டு எழுதிக்கிருவான். தப்பா எழுதுனா திட்டுவோம், திருத்திக்கிருவான். மத்தவுங்க கேள்வி கேட்டா பதிலயும் அவுங்களே சொல்லிருவாங்க. இவன் நாங்க சொல்ற வரைக்கும் சும்மா இருப்பான். மூணு மாசத்துக்குத்தான் இவனத் தர்றோம். சொன்ன தேதிக்குத் திருப்பி அனுப்பிறணும்."

பதவி என்ற கட்டத்தில் என்ன போட என்று மேடம் கேட்டார். "காய் எடுப்பு. நாப்பத்தஞ்சு வருசம்."

பேப்பர் படிக்க வந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். மேடம் "அமைதி" என்று பலகையைக் காட்டினார், ஆனால் அவரே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

பி.டி.எஃப். இரண்டு எம்.பி.க்குள் இருக்க வேண்டுமாம். என்னுடையது ஒன்பது. சுருக்கினால் நோட்டுப் பக்கங்களில் கையெழுத்து தெரியவில்லை. தெரிந்தால் அளவு மீறுகிறது. மூன்று முறை கரண்டு போனது. மேடம் பக்கம் பக்கமாகச் சுருக்கிச் சுருக்கி ஒட்டினார். சாயங்கால ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது திரையில் பச்சை எழுத்தில் "தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது."

மேலே போய்ச் சேர அரைமணி நேரம் தாமதம். வழக்கமாக இதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வேன். இன்று "போயிருச்சா?" என்றுதான் பதினொரு பேரும் கேட்டார்கள்.

பிப்ரவரி 14

போயிருச்சு.

மார்ச் 22

பதில் இல்லை. ஒன்பதாவது வளைவில் டயர் பஞ்சர். மாற்றிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு பெயர் கிடைத்தது. எழுதவில்லை. நூற்று நாற்பத்து மூன்று என்று அனுப்பியாகிவிட்டது, இது தனியாக இருக்கட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! பதினேழாம் தேதி, மதியம் இரண்டு மணி, கணினி வழியாக. மொத்தம் ஐந்து பேரைத் தேர்ந்திருக்கிறார்களாம். மற்ற நால்வரும் யாராக இருக்கும்? முனைவர்களாகத்தான் இருப்பார்கள்.

சுஜாதா கடையில் சொல்லிவிட்டாள். கடைசி வரைக்கும் சொல்லக்கூடாது என்று நான் சொன்ன விஷயம். "சந்தோசத்த வேற எங்க கொண்டுபோய் வைக்கிறதாம்?" என்கிறாள்.

ஏப்ரல் 17, வியாழன்

நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா முதலிலேயே "தமிழிலேயே பேசலாம்" என்று சொல்லிவிட்டார். உயிர் வந்தது.

ரேடியோ மேட்டைச் சொன்னேன். பல்லுப் போன பாறையைச் சொன்னேன். ஓரத்தில் இருந்த கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சுருளியம்மாள் அவர்களின் கடிதத்தை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாசித்தோம்" என்றார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அதுவரை பேசாமல் இருந்த இளவயது அம்மா கேட்டார். "எழுபத்தொன்றாவது பெயர். ஓடிப்போனவ ஓடை. ஓடிப்போனவர் யார்?"

"தெரியாதுங்க. ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு பொண்ணு தோட்டத்துலருந்து ஓடிப்போச்சாம். அதுனால அந்தப் பேரு."

"அவர் இப்போது உயிரோடு இருக்கலாம் அல்லவா? தன்னை இப்படி அழைக்கிறார்கள், அது வரைபடத்தில் ஏறப்போகிறது என்று அவருக்குத் தெரியுமா? கேட்டுப் பார்த்தீர்களா?"

"இல்லைங்க."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். நன்றி சொன்னார்கள். திரை இருண்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

தோட்டம் லீவு. வீட்டில்தான் இருந்தேன். நோட்டை எடுத்து எழுபத்தொன்றை மறுபடியும் வாசித்தேன்.

நல்கை போனால் போகட்டும். ஒன்பது வருசமா எழுதுறேனே, ஒரு தடவையாச்சும் எனக்குத் தோணுச்சா? அவ யாரு, எங்க இருக்கா, இதக் கேட்டா அவளுக்கு எப்பிடி இருக்கும்னு? சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டேன். கதையாக் கேட்டேன், ஆளாக் கேக்கல. ச்சே.

சுஜாதா எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அவுங்க கேட்டது நல்ல கேள்விதானே மாமா? அப்ப போய்க் கேளுங்க."

ஏப்ரல் 21, திங்கள்

ஜீப்பில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "எங்க காலத்துக்கு முந்துனதுண்ணே" என்றார்கள். சுருளியம்மாள் சின்னம்மா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இப்படி வாய் மூடி வந்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை.

"அது எதுக்கு உனக்கு?"

சொன்னேன். நேர்காணலில் கேட்டதையும், நான் முழித்ததையும்.

சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவ இருக்கா. நீ தெனமும் லோடு எறக்குற கடையிலதான் இருக்கா. பாக்கியம். இப்ப ஜெயபாக்கியம்."

ஐசக் அண்ணாச்சி கடை முதலாளியம்மா! கையில் நாலு காயை எடுத்து உருட்டிப் பார்த்தே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்கிறவர். சர்ச்சில், வியாபாரத்தில், ஊரில் எல்லாம் மரியாதையான குடும்பம். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? சுஜாதா வேலை பார்க்கிற கடையாக இருந்தாலாவது அவளைக் கேட்கச் சொல்லலாம்.

"நானும் அவளும் ஒண்ணாக் காய் எடுத்தவளுக" என்றார் சின்னம்மா. "அவ கடைக்காரம்மா ஆன பெறகு நான் அந்தப் பக்கம் போறதில்ல. நம்மளால அவளுக்குக் கெட்ட பேரு எதுவும் வந்துறக் கூடாதுல்ல." இறங்கிப் போய்விட்டார்.

ஏப்ரல் 22

கடையில் லோடு இறக்கினேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 23

இன்றும் கேட்கவில்லை. நோட்டிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவும் முடியவில்லை. அவரைக் கேட்காமல் எழுதியது தப்பு என்றால் கேட்காமல் அடிப்பது மட்டும் சரியா?

ஏப்ரல் 24, வியாழன்

மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். ஜெயபாக்கியம் அம்மா முறத்தில் காயைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சோலை, இந்நேரத்துல? லோடு இருக்கா?"

"லோடு இல்லம்மா. ஒரு விசயம் கேக்கணும். தப்பா நெனச்சா இப்பவே போகச் சொல்லிருங்க." நோட்டை நீட்டினேன். எழுபத்தொன்றைக் காட்டினேன். நேர்காணலில் நடந்ததைச் சொன்னேன். சின்னம்மா பெயரைச் சொல்லவில்லை.

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"ஓடிப்போனவளா? எவ சொன்னா நான் ஓடுனேன்னு?" முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். "நான் ஓடலப்பா. நடந்துதான் போனேன்!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. உள்ளேயிருந்து ஐசக் அண்ணாச்சி பயந்துபோய் ஓடி வந்தார். "இங்க பாருங்க, மலையில எனக்கு ஓடையே விட்டுருக்காங்க" என்று அவரிடம் நோட்டைக் காட்டி மறுபடியும் சிரித்தார்.

உட்காரச் சொல்லி, காபி சொல்லிவிட்டு, சொன்னார். அப்போது அவருக்குப் பத்தொன்பது. பட்டப்பகல். இடுப்பில் காய்ப்பையைக் கட்டிக்கொண்டே ஓடையைத் தாண்டி, பழைய கழுதைப் பாதையில் நடந்து இறங்கியிருக்கிறார். எதிரே கங்காணி.

"எங்க போறேன்னு கேட்டாரு. கல்யாணத்துக்குன்னேன். சரி, வெரசா வந்துருன்னாரு. யாரு கல்யாணத்துக்குன்னு அவரு கேக்கல."

"கீழ நான் காத்துக்கிட்டு நிக்கேன்" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பஸ்சு வந்து போயிருச்சு. வரமாட்டான்னே முடிவு பண்ணிட்டேன். அப்ப வர்றா, காய்ப்பையோட."

"அன்னிக்கு சுருளி என் நெரையில நின்ன செடியிலயும் காய் எடுத்தா. சாயந்தரம் கங்காணி பாத்தா ஆளு கொறையுது, காய் கொறையல." அதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் மாறியது. "எப்பிடி இருக்கா அவ? பஸ் ஸ்டாண்டுல பாத்தா தலைய ஆட்டிட்டு ஒதுங்கிப் போயிர்றா. நாந்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் இத்தன வருசமா."

பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? திருத்து. நடந்து போனவ ஓடைன்னு போடு. பாக்கியம்னு பேரும் போடு. ஜெய அப்புறம் சேத்ததுதான்."

கடையை விட்டு வெளியே வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போடுவதற்கு முன்னால் எழுபத்தொன்றை அடித்துவிட்டு 'நடந்து போனவ ஓடை, பாக்கியம்' என்று எழுதினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

உயிரோடு இருக்கிறவர்களின் கதை உள்ள பெயர்கள் இன்னும் எவை என்று சுஜாதாவும் நானும் நோட்டை முழுதும் பார்த்தோம். ஓடையோடு சேர்த்து மொத்தம் பதினாலு. எல்லோரையும் கேட்டாக வேண்டும்.

மே 4, ஞாயிறு

ஜெயபாக்கியம் அம்மா ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். ஐசக் அண்ணாச்சி முன்சீட்டில். பின்னால் அம்மா. சின்னம்மாவிடம் யார் வருகிறார் என்று சொல்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சுஜாதாவின் யோசனை.

சின்னம்மா ஜீப்பின் பின்பக்கம் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறுடி" என்றார் அம்மா. "நாப்பது வருசமா ஒரு வார்த்த பேசாம இருந்துட்டு, இன்னும் என்ன நிக்கிற?"

அதற்குப்பிறகு பதினேழு வளைவும் ஏறி முடிக்கும்வரை இருவரும் பேசிய பேச்சில் ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. ஒருத்தர் தொடங்க மற்றவர் குறுக்கே விழுந்தார். அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்து, "நான் இப்ப நடந்து வீட்டுக்குப் போனாலும் இவளுக்குத் தெரியாது" என்றார்.

ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றார்கள். அன்று அம்மா தாண்டிய இடம் இந்தக் கல்லா அந்தக் கல்லா என்று சண்டை. சின்னம்மாதான் ஜெயித்தார். தோட்டத்து மலையாளி வாட்ச்மேன் வந்து "எந்தா சேச்சி, எந்தா ப்ரஷ்னம்?" என்று கேட்டுவிட்டு, கதையைக் கேட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மே 9

பதினாலு பேரையும் கேட்டு முடித்தாயிற்று. பதினொரு பேர் சரி என்றார்கள். ஜெயபாக்கியம் அம்மா திருத்திக் கொடுத்தார். சிலமலையில் இருக்கும் இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர் காரணம் சொன்னார், மற்றவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

நேர்காணலுக்குப் பிறகு எழுதலாமா கூடாதா என்று தெரியாது. இருந்தாலும் அந்த நூலகத்துக்கு எழுதினேன். "என்னைக் கேட்ட கேள்விக்கு அன்று பதில் இல்லை. இப்போது இருக்கிறது" என்று தொடங்கி நடந்ததை அப்படியே. "143 என்று அனுப்பிய பட்டியல் இப்போது 141. தேர்வுக்கு இதனால் பாதகம் என்றாலும் இதுதான் சரியான பட்டியல்." அனுசியா மேடம் ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டார்.

மே 22, வியாழன்

கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டது!

தோட்டத்தில் ஜீப்பை நிறுத்திக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. கேரளா டவரில் பாதி திறந்து நின்றுவிட்டது. "தங்களைத் தேர்ந்தெடுக்க" வரைக்கும் தெரிகிறது. அதற்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "முடிவு செய்துள்ளதில் மகிழ்ச்சி"யா, "இயலாமைக்கு வருத்த"மா? போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினேன். காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பின்னால் ஓடி வந்தார்கள். ரேடியோ மேட்டு உச்சியில் திறந்தது. மகிழ்ச்சிதான். ஜூலை ஒன்று முதல் செப்டம்பர் முப்பது வரை.

சுஜாதாவுக்குப் போன் போட்டேன். கடையில் இருந்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன் "ம்" என்றாள். மூச்சு வாங்கியதிலேயே தெரிந்துவிட்டதாம். பிறகு அந்தப் பக்கம் காய் பிரிக்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 11

மூன்று மாதம் ஜீப்பை ஓட்டப்போவது அருண்பாண்டி, சுஜாதாவின் தம்பி. இரண்டு வாரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பழகினான். இன்று அவன் ஓட்டினான், நான் பின்னால் பெண்களோடு. பத்து வருடத்தில் முதன்முறை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவன் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கை எடுத்துக் கும்பிட்டான்.

"மாப்ளே, கைய வச்சு ஓட்டு. கும்பிடுற சோலிய நாங்க பாத்துக்கிறோம்" என்றார் சின்னம்மா.

முடிவில் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அவனிடம் ஒரு புது நோட்டு கொடுத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

போடியிலிருந்தே சென்னைக்கு ரயில். ஸ்டேஷனில் ஜீப்புக் கூட்டம் முழுவதும். ஜெயபாக்கியம் அம்மா ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்து "அந்தக் கேள்வி கேட்ட பிள்ளைக்குக் குடுத்துரு" என்றார். சுஜாதா கடைசிவரைக்கும் கண் கலங்கவில்லை. "நல்லாச் சாப்பிடுங்க, நல்லா எழுதுங்க, டை கட்டிக்கிட்டு வந்து நிக்காதீங்க." நான்தான் கலங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேசை நீளத்துக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஐந்து நிமிடம் ஒன்றுமே புரியவில்லை. பிறகு பென்சில் முனையால் தொடாமல் பின்தொடர்ந்து போனேன் — இது வளைவு, இது வளைவு, இது ஓடை. வாயில் என்னவோ முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 24, வியாழன்

இன்று முழுவதும் ஒரே தாள்தான். மலையின் கிழக்குச் சரிவு. தாளில் அந்தப் பக்கம் பூராவும் வெள்ளை, உயரக் கோடுகள் மட்டும். மேலே விரித்த டிரேசிங் தாளில் முப்பத்தெட்டுப் பெயர்கள் ஏறிவிட்டன. ஒரு மேடு சரியாகப் பொருந்தாமல் காலையிலிருந்து ஆட்டம் காட்டியது. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்பது நாலரைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் மேடும் உட்கார்ந்துவிட்டது.

ஐந்து மணிக்கு மூடுகிற மணி அடித்தார்கள். யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் என்னை என்று தெரிந்து நிமிர்ந்தேன். வரைபடப் பகுதியில் வேலை செய்கிறவர்.

"இந்தத் தாள் பாத்து முடிச்சாச்சா சார்? உள்ள வச்சிரட்டுமா?"

"இல்ல, நாளைக்கும் வேணும்" என்றேன்.